ரப்பர் மரத்தில் கை வைக்கும் முன்: திருவட்டாறு பக்கம் புதிதாக விளை வாங்கிய குடும்பத்துக்கு

ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. பதினாறு வருஷம் குவைத்தில் இருந்துவிட்டு கணவர், அவர், 13 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேரும் ஊர் திரும்பியிருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் 1 ஏக்கர் 20 சென்ட் விளை, அதாவது தோட்ட நிலம், வாங்கியிருக்கிறார்கள். அதில் 95 சென்ட் பழைய ரப்பர், மீதி 25 சென்ட் ஓட்டு வீடும் கிணறும் வெற்றிடமும். கையில் ஒன்றரை வருஷம் சாப்பிடும் அளவுக்குப் பணம். மரத்தை மொத்தமாக வெட்டி விற்றுவிட்டு ரம்புட்டான் வைக்கலாம் என்கிறார் கணவர். கேள்வி கேட்ட சகோதரிக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம், இந்த மண்ணும் தெரியாது, ஆட்களும் தெரியாது. 'பிழைக்க முடியுமா, எங்கிருந்து தொடங்குவது' என்பதுதான் கேள்வி.

பிழைக்கலாம், தங்கச்சி. ஆனால் மரத்தை இப்போது வெட்டாதீர்கள். வேறு எதை மறந்தாலும் இந்த ஒன்றை மறக்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நானும் இப்படி வந்து இறங்கிய குடும்பத்துப் பிள்ளைதான். இலங்கை இரத்தினபுரி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தேன். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளித் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக எழுதினார்களே, அந்தக் கணக்கில் எங்கள் வீட்டு ஐந்து பேரும் அடக்கம். 1974-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம், அப்போது எனக்கு எட்டு வயது. மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலையோரத்துக்கு வந்தோம். அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே வனத்துறை இங்கே ரப்பர் தோட்டங்களை வளர்த்திருந்தது. பிறகு 1984-ல் அவைதான் அரசு ரப்பர் கழகம் ஆயின. அப்பாவுக்குப் பால் வெட்டு, அதாவது ரப்பர் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது, தெரியும், அதனால் முதல் நாளே கத்தியைக் கையில் எடுத்துவிட்டார். மற்ற எல்லாவற்றையும் நாங்கள் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

1989-ல் சேர்த்து வைத்த காசில் குலசேகரம் பக்கம் 55 சென்ட் விளை வாங்கினோம். அதில் காய்க்கிற கொல்லமாவு (முந்திரி) பத்துப் பதினைந்தும், வயதான தென்னைகளும், ஒரு பெரிய சக்கை (பலா) மரமும் நின்றன. கிராம்புக்கு நல்ல விலை என்று கேள்விப்பட்டு அப்பா எல்லாவற்றையும் வெட்டி விற்றார், விற்ற காசில் கிராம்புக் கன்று வைத்தார். கிராம்பு பலன் கொடுக்க ஏழெட்டு வருஷம் ஆகும். அந்த ஏழெட்டு வருஷமும் அந்த விளையிலிருந்து வீட்டுக்கு ஒரு ரூபாய் வரவில்லை. அம்மா ஏலாவில் (நெல் வயலில்) நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போய்த்தான் அடுப்பு எரிந்தது, தங்கையின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. கிராம்பு பிறகு காய்க்கத்தான் செய்தது, மரத்தின் மேல் குற்றமில்லை. காத்திருக்கும் வருஷங்களில் எதைச் சாப்பிடுவது என்று நாங்கள் கணக்குப் போடவில்லை.

உங்கள் கணக்கைப் போடுவோம். ரப்பர் விளைச்சல் இந்தியச் சராசரி ஹெக்டேருக்கு ஒன்றரை டன்னுக்குச் சற்றுக் குறைவு, ஏக்கருக்கு 600 கிலோவுக்குள் வரும். உங்கள் 95 சென்டுக்கு 550 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், பழைய மரம் என்பதால் அதற்கும் கீழே போகலாம். கிலோ 180 ரூபாய் என்று பிடித்தால் ஒரு லட்சத்தை ஒட்டி வரும். ஆள் வைத்து வெட்டினால் மரத்துக்கு இவ்வளவு என்றோ பாதிப் பங்கு என்றோ போய்விடும். நீங்களே வெட்டினால் ஆசிட், மழைத் தண்ணீர் வெட்டில் இறங்காமல் மரத்தில் ஒட்டும் ரெயின் கார்டு, கத்தி இவற்றின் செலவு போக மிச்சம் வீட்டுக்கு. இதை மட்டும் வைத்து நாலு பேர் வாழ முடியாது, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். விலையும் நம் கையில் இல்லை. 2011-ல் கிலோ 200-ஐத் தாண்டிப் போனது, 2016 தொடக்கத்தில் 100-க்கும் கீழே விழுந்தது, அப்போது மலையோரத்தில் பலர் வெட்டுக் கூலி கட்டாது என்று விளையை அப்படியே போட்டார்கள். ஆனாலும் மாதம் எட்டாயிரமோ பத்தாயிரமோ, மழை மாதத்தில் அதைவிடக் குறைவாகவோ, இலை உதிரும் மாதங்கள் தவிர வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கும் ஒரே வழி இப்போதைக்கு அந்த மரங்கள்தான். பதினாறு வருஷம் மாதச் சம்பளத்தில் வாழ்ந்தவர்களுக்கு, மாதம் முடிந்து ஒன்றும் வராத வீடு எவ்வளவு பயமாக இருக்கும் என்று நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.

இனி அந்த மரங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எவ்வளவு பழசு என்று விற்றவர் சொன்னதை நம்ப வேண்டாம், மரத்தின் பட்டையே சொல்லும். ஒட்டு ரப்பர் நட்டு ஏழாவது வருஷத்தை ஒட்டி, தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்ததும் முதல் வெட்டு தொடங்குவார்கள். ஒன்றுவிட்ட ஒரு நாள் ஒழுங்காக வெட்டினால் வருஷத்துக்கு இருபது இருபத்தைந்து சென்டிமீட்டர் பட்டை தீரும். ஒரு பக்கம் கீழே வந்து சேர ஐந்தாறு வருஷம், மறுபக்கம் அதே அளவு, அதற்குள் முதலில் வெட்டிய பக்கத்தில் புதுப்பட்டை வந்திருக்கும், அதில் மறுபடியும் ஒரு சுற்று. ஆக, இரண்டு பக்கமும் முதல் பட்டையா, ஒரு பக்கம் மறுபட்டையா, மறுபட்டையும் பாதி தீர்ந்துவிட்டதா என்று தடவிப் பார்த்தாலே மரத்துக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது என்று தெரியும். முதல் பட்டை வழவழப்பாக இருக்கும். மறுபட்டையில் முடிச்சும் மேடும் பள்ளமும் இருந்தால், முன்பு வெட்டியவர் கத்தியை ஆழமாக இறக்கி மரத்தைக் காயப்படுத்தியிருக்கிறார் என்று அர்த்தம். கீழ்ப்பட்டை முழுக்கத் தீர்ந்திருந்தாலும் மேல்நோக்கி வெட்டும் முறை ஒன்று இருக்கிறது, அதில் இன்னும் சில வருஷம் ஓட்டலாம்.

இப்படிப் பழைய மரம் நிற்கிற விளையைப் பார்த்தால் ஆட்கள் வருவார்கள். 'இரண்டு வருஷம் ஸ்லாட்டருக்குக் கொடுங்கள், மொத்தமாக ஒரு தொகை தருகிறோம், கடைசியில் மரத்தையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்' என்பார்கள். ஸ்லாட்டர் என்றால், சாய்க்கப்போகும் மரத்தில் மிச்சப் பாலை எல்லாம் கடுமையாக வெட்டி எடுப்பது. மரம் உண்மையிலேயே முடிகிற காலத்தில் அது தப்பில்லை. ஆனால் புதிதாக வந்தவர், கையில் பணம் கரைகிறவர் என்று தெரிந்து கேட்பவருக்குக் கொடுத்தீர்கள் என்றால், எட்டு வருஷப் பாலை இரண்டு வருஷத்தில் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மரத்தின் கட்டைக்கும் விலை உண்டு. வெட்டும்போது அந்தப் பணம்தான் மறுநடவுக்கான முதல், அதைச் சாப்பாட்டுக்குச் செலவழித்தால் பிறகு மொட்டை விளைதான் கையில் நிற்கும்.

பால் வெட்டு நீங்கள் இரண்டு பேருமே கற்க வேண்டும். ரப்பர் வாரியம் வெட்டுப் பயிற்சி கொடுக்கிறது, அவர்களுடைய பகுதி அலுவலகத்தில் கேளுங்கள். முப்பது வருஷமாக நானும் பலரைப் பழக்கியிருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பெண்கள் கை பெரும்பாலும் சீக்கிரம் படிந்துவிடும். ஆழம்தான் இதில் எல்லாம். பால் குழாய்கள் தண்டை ஒட்டிய உள்பட்டையில் இருக்கின்றன. அதைத் தொட வேண்டும், ஆனால் தண்டின் வளரும் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போதே நிறுத்த வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும், ஆழமாகப் போனால் அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வராது. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்த சரிவு. ஒவ்வொரு முறையும் ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டிய கனத்தில் ஒரு சீவல். முதலில் வெட்டிப்போட வேண்டிய மரம் எங்காவது நின்றால் அதில் பத்து நாள் பழகுங்கள், பிறகு உங்கள் மரத்துக்கு வாருங்கள்.

விடியும் முன் வெட்ட வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். தலையில் கட்டும் லைட், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், இரண்டும் கத்திக்கு முன்பே வாங்க வேண்டியவை, சருகுக்குள் பாம்பு கிடக்கும். உங்கள் 95 சென்டில் சுமார் நூற்றெழுபது மரம் நிற்கும், பழகிய கை என்றால் ஆறரைக்குள் முடித்துவிடலாம். ஒன்பது மணி வாக்கில் பாலைச் சேகரித்து, வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஃபார்மிக் ஆசிட் விட்டு டிஷ்ஷில் உறைய வைத்தால் மறுநாள் ரோலரில் போட்டு ஷீட் அடிக்கலாம். சொந்த ரோலர் இப்போது வேண்டாம், பக்கத்து விளைக்காரரிடம் இருக்கும், கூலி கொடுத்து அடித்துக்கொள்ளலாம். ஆசிட்டைக் கையுறை போடாமல் தொட வேண்டாம், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பால் பிடிக்கும் சிரட்டையிலும் பட்டையிலும் ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலைத் தூக்கி எறியாமல் சேர்த்தால் அதுவும் காசு. வெட்டு இல்லாத நாளில் சிரட்டைகளைக் கவிழ்த்து வைப்பது மிக முக்கியம். மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு அதில்தான் பெருகும், இந்த மலையோரத்தில் ஜூலை ஆகஸ்டில் காய்ச்சல் வந்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன்.

உங்கள் கணவருக்கு இதில் கூச்சம் இருக்கலாம், அதை நான் புரிந்துகொள்கிறேன். வெளிநாட்டில் இருந்து வந்தவர், லைட் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய் வருவதா என்று. அவரிடம் சொல்லுங்கள், இங்கே வாத்தியார் வேலை பார்ப்பவரும் விடியக்காலையில் தன் மரத்தை வெட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். இது கௌரவமான வேலை. எங்கள் அப்பா இதைச் செய்துதான் எங்களை இந்த மண்ணில் ஊன்ற வைத்தார்.

ரம்புட்டான் கெட்ட யோசனை என்று நான் சொல்லவில்லை. திருவட்டாறு, குலசேகரம், அருமனைப் பக்கத்து ஈரத்துக்கும் மண்ணுக்கும் அது வரும். ஒட்டுக்கன்று மூன்று நாலு வருஷத்தில் பூக்கும், ஆனால் சொல்லிக்கொள்ளும்படி காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். பழுப்பது சரியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, தென்மேற்கு மழைக்குள். வௌவாலுக்கும் பறவைக்கும் மரத்தையே வலை போட்டு மூட வேண்டும். கேரளத்துப் பழமும் அதே மாதத்தில் சந்தைக்கு வரும், பறித்த சில நாளில் தோல் கறுத்துவிடும், வைத்து விற்க முடியாது. அதனால் எட்டுப் பத்துக் கன்று வெற்றிடத்தின் ஓரத்தில் இந்த வருஷமே வையுங்கள், கணவர் ஆசைக்கும் அது இடம் கொடுக்கும். மண் ஏற்கிறதா, உங்களுக்கு வலை கட்ட நேரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பெருக்கலாம்.

இப்போது ஆவணி. இந்த 25 சென்டில்தான் உங்கள் முதல் வருஷ விவசாயம். வாழையில் தொடங்குங்கள். நேந்திரன் வாழையை நாங்கள் ஏத்தன் என்போம், பத்துப் பதினோரு மாதத்தில் குலை. புரட்டாசி ஐப்பசியில் வைத்தால் அடுத்த ஆவணியில் ஓணத்துக்குக் குலை வெட்டலாம். ஓணத்துக்குக் கேரளத்துக்காரர்கள் சிப்ஸுக்கும் பழத்துக்கும் தேடி வாங்குவார்கள், அந்த இரண்டு வாரத்து விலையே வேறு. அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் வைக்க வேண்டாம், நூறு கன்றில் அறுபது ஓணத்தைக் குறிவைத்து, நாற்பதை மாதம் பத்து என்று பிரித்து வையுங்கள், சந்தை விழுந்தாலும் மொத்தமாக விழ மாட்டீர்கள். கூடவே பத்து மட்டி வையுங்கள். மட்டி நம் மாவட்டத்துக்கே உரிய பழம், சிறு பிள்ளைகளுக்கு முதலில் ஊட்டுவது அதைத்தான், 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கன்று எடுக்கும்போது அகல இலை விரித்த கன்றை விட்டுவிட்டு ஈட்டி மாதிரி ஒடுங்கிய இலை உள்ளதை எடுங்கள், கிழங்கில் வண்டு துளைத்த கறுப்பு இருந்தால் வேண்டாம். நம் செம்மண்ணும் சரளையும் புளிப்பு மண், குழிக்குச் சுண்ணாம்பு போட வேண்டிவரும், எவ்வளவு என்பதை மண்ணைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, மலையோரப் பயிர்களுக்குப் பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரு நாள் நேரில் போய் வாருங்கள். குலை தள்ளியதும் கம்போ கயிறோ கட்டியே ஆக வேண்டும். 2017 நவம்பர் 30-ல் ஒகி புயல் வந்தபோது கட்டிய வாழையும் போயிற்று, ரப்பரும் பாதியில் முறிந்தது, அது வேறு. ஆனால் வருஷா வருஷம் ஆடிக் காற்றில் விழுவது கட்டாத வாழைதான்.

மரச்சீனி (மரவள்ளி) கொஞ்சம் வையுங்கள், விற்பதற்கு அல்ல, வீட்டுக்கு. 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரப்பிய கிழங்கு, அப்போதிலிருந்து இந்த ஊர் ஏழை வீட்டின் பசியை ஆற்றியிருக்கிறது. எட்டுப் பத்து மாதத்தில் பறிக்கலாம். கம்பைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்! பக்கத்து வீட்டில் போய்க் கேளுங்கள், கட்டுக் கட்டாகக் கொடுப்பார்கள், எந்த ரகம் பஞ்சு மாதிரி வேகும், எது கசக்கும் என்றும் சொல்வார்கள், பேச்சு அப்படித்தான் தொடங்கும். ஆடு வளர்ப்பதாக இருந்தால் மரச்சீனி இலையைப் பச்சையாகத் தின்ன விட வேண்டாம், அதில் நஞ்சு உண்டு, வெளியூரிலிருந்து வந்தவர்கள் தெரியாமல் ஆட்டை இழப்பது இப்படித்தான். கிழங்கு வைத்தால் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் வரலாம். வந்தால் தகரமோ முள்கம்பியோ போடுங்கள், மின்சாரம் பாய்ச்சிய கம்பி மட்டும் யார் சொன்னாலும் வேண்டாம், சட்டப்படி குற்றம், மனித உயிரும் போகிறது. சேனை, சேம்பு, காச்சில் ஆகிய கிழங்குகள் நாலு மூடு. வீட்டோரத்து மரத்தில் நல்லமிளகுக் கொடி ஏற்றிவிடுங்கள், மூன்றாம் நாலாம் வருஷத்திலிருந்து அது தானாகக் கொடுக்கும். மாடு முதல் வருஷம் வேண்டாம், அதற்கு ஒரு ஆள் முழுநேரம் வேண்டும்.

அப்புறம் தேனீ. இதை நான் ஆசையாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் ரப்பரும் தேனும் ஒன்றுக்கொன்று இடம் விட்டு நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. மார்கழி தை வாக்கில் ரப்பர் இலை உதிரும், பிறகு செம்பு நிறத்தில் தளிர் வரும். அப்போது மரம் களைத்திருக்கும், வெட்டை நிறுத்தி ஓய்வு கொடுக்க வேண்டும், பால் காசு அந்த மாதங்களில் வராது. சரியாக அப்போதுதான், மூன்று இலையும் காம்போடு சேரும் இடத்தில் இனிப்பு நீர் ஊறுகிறது. பூவே தேவையில்லை, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இலையிலிருந்தே தேனீ தேன் எடுக்கும். மார்த்தாண்டம் தேனுக்குப் பேர் வந்ததே இந்த ரப்பர் காட்டால்தான். அங்கே 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் ஏழை விவசாயிகளுக்குப் பெட்டியில் தேனீ வளர்க்கச் சொல்லிக்கொடுத்தார், அது வீடு வீடாகப் பரவியது. மூன்று பெட்டியோடு தொடங்குங்கள். உங்கள் விளையும் சுற்றியுள்ள விளைகளும் ரப்பராக இருப்பதால் இடம் பொருத்தம். ஐப்பசி முதல் தை வரை கூட்டைப் பலப்படுத்துவதும், ஆனி ஆடி மழையில் சர்க்கரைப் பாகு கொடுத்துப் பட்டினியிலிருந்து காப்பதும்தான் வேலை. பலர் தேன் காலம் முடிந்ததும் பெட்டியை மறந்துவிடுகிறார்கள், மழையில் கூடு காலியாகிறது. நோயும் வரும். 1991-92-ல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோயில் இந்த மாவட்டத்துக் கூடுகள் பெரும்பாலும் அழிந்தன, நான் வைத்திருந்த பன்னிரண்டு பெட்டியில் ஒன்றுதான் மிஞ்சியது. அதிலிருந்துதான் மறுபடி பிரித்துப் பிரித்துப் பெருக்கினேன். உங்கள் ஒன்பது வயதுப் பிள்ளையை இதில் சேர்த்துக்கொள்ளுங்கள், நம் ஊர்த் தேனீ சாதுதான், பிள்ளைகளுக்கு மண்ணோடு ஒரு பிடிப்பு வர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தண்ணீரைப் பற்றி ஒரே ஒரு விஷயம். இப்போது கிணறு நிரம்பித் தெரியும், அதை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம். பங்குனி சித்திரையில் எங்கே நிற்கும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு, அதனால்தான் ஏலாவில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல். ஆனால் சரிவில் பெய்கிற மழை நிற்காமல் ஓடிவிடும். கையாலை, அதாவது மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவர், இடிந்திருந்தால் மழை விட்டதும் அதைக் கட்டுவதுதான் முதல் செலவாக இருக்கட்டும், மரங்களுக்கு இடையே சரிவுக்குக் குறுக்காக நீர்க்குழி எடுங்கள். போர் போட அவசரம் வேண்டாம்.

ஆவணம். இது சலிப்பான பகுதி, ஆனாலும் பாருங்கள். வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் விவசாய நிலமோ தோட்டமோ பரம்பரையாகப் பெறலாம், விலைக்கு வாங்கக் கூடாது என்று அந்நியச் செலாவணி விதி இருக்கிறது. நீங்கள் திரும்பி வருவதற்கு முன்பே பத்திரம் முடிந்திருந்தால் உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். 1956 நவம்பர் 1-க்கு முன் இது திருவிதாங்கூர்-கொச்சி, மூலப்பத்திரம் மலையாளத்தில் இருக்கும், படிக்கத் தெரிந்த பழைய ஆவண எழுத்தர் ஒருவரிடம் கொடுத்து அளவும் வழியுரிமையும் என்ன என்று கேளுங்கள். வழி மிக முக்கியம், இங்கே விளைக்குள் விளை, வண்டி போகாத இடத்தில் குலையும் தடியும் தலைச்சுமையாகத்தான் வரும், அந்தக் கூலி லாபத்தைத் தின்றுவிடும். மலையோரத்தில் சில சர்வே எண்கள் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன, அங்கே மரம் வெட்டவும் நிலத்தை விற்கவும் ஆட்சியர் தலைமையிலான குழு அனுமதி வேண்டும், உங்கள் எண் அதில் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பட்டா பெயர் மாறியதும் சிறு குறு விவசாயி சான்று வாங்குங்கள், சொட்டுநீருக்கு முழு மானியம் அதை வைத்துத்தான்.

ஆட்களைத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அம்மா முதல் வாரம் சந்தையில் தேசிக்காய் கேட்டார், கடைக்காரருக்குப் புரியவில்லை. எலுமிச்சையைத்தான் இலங்கையில் அப்படிச் சொல்வோம். பக்கத்தில் நின்ற ஒரு மீன்காரம்மா கையைப் பிடித்து எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா சாகும்வரை எங்கள் வீட்டுக்கு வந்து போனார். பலாவைச் சக்கை என்பதும் மிளகை நல்லமிளகு என்பதும் உங்களுக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். கல்யாண வீடு, சாவு வீடு, கோயில் கொடை, சர்ச் திருவிழா எதற்குக் கூப்பிட்டாலும் நாலு பேரும் போங்கள், கூப்பிடாவிட்டாலும் சாவு வீட்டுக்குப் போங்கள். மூத்த பிள்ளைக்குத்தான் கஷ்டம் அதிகம் இருக்கும், பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடமும் பேச்சும் சிநேகிதர்களும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. என் அண்ணனுக்கு அப்போது பதினொன்று, 'சிலோன்காரன்' என்று கூப்பிட்டதில் ஒரு வருஷம் யாரோடும் பேசாமல் இருந்தான். விளை வேலையில் பிள்ளையை முதல் ஆறு மாதம் இழுக்காதீர்கள், படிப்பும் நட்பும் முதலில் ஊன்றட்டும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். நூலும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு கணவரும் நீங்களுமாக ஒவ்வொரு மரமாகப் போங்கள். உயிரோடு எத்தனை மரம், சுற்றளவு எவ்வளவு, எந்தப் பக்கம் முதல் பட்டை, வெட்டு தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது, ரெயின் கார்டு ஒட்டியிருக்கிறதா கிழிந்திருக்கிறதா, பால் வராமல் பட்டை காய்ந்த மரம் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மரத்துக்கு எண் போடுங்கள். நூற்றெழுபது மரத்துக்கு இரண்டு காலைப் பொழுது போதும். அந்த நோட்டை எனக்கு அனுப்பினால், எந்தப் பக்கத்திலிருந்து வெட்டலாம், எந்தப் பகுதியை எத்தனை வருஷம் கழித்து மறுநடவுக்கு எடுக்கலாம் என்று மரம் மரமாகப் பார்த்து எழுதுகிறேன்.